லாமாவின் முதுகில் ஒரு பொட்டு

என் பட்டச் சான்றிதழுக்குக் கண்ணாடி போடப் போன இடத்தில்தான் தோன்யா அசுந்தாவை முதன்முதலில் பார்த்தேன். பொத்தோசியில் பிரேம் கடைகள் நாலைந்து உண்டு. ரொட்டிக்காரிகள் வரிசையாக உட்காரும் தெருவில் இருப்பதுதான் மலிவு என்று விடுதியில் சொன்னார்கள். சான்றிதழைச் செய்தித்தாளில் சுருட்டி, மழைக்குப் பயந்து சட்டைக்குள் செருகிக்கொண்டு போனேன்.

கடைக்குள் கனத்த பாவாடையும் உருண்டைத் தொப்பியுமாக ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருவர் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தார். இரட்டைப் பின்னலைக் கண்ணாடித் தூள் படாமல் முதுகுப்பக்கம் முடிந்துவைத்திருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு சான்றிதழை வாங்கி, முத்திரையிலிருந்து கையெழுத்துவரை வாசித்தார்.

"வக்கீல் படிப்பா?"

"ஆமாங்க."

"வீட்ல நீதான் மொத ஆளா?"

"ஊருக்கே நான்தான் மொத ஆளு."

"அப்பச் சாதாக் கண்ணாடி ஆகாது. உங்கம்மா தெனம் தொட்டுத் தொட்டுப் பாப்பாங்க. கெட்டியாப் போடறேன்."

கெட்டிக் கண்ணாடி போட்டார். விலை மட்டும் சாதாக் கண்ணாடிக்குத்தான் வாங்கினார். நான் சில்லறையாகக் கொடுத்தேன். ஒவ்வொரு காசையும் புரட்டிப் பின்பக்கம் பார்த்துவிட்டுத்தான் டப்பாவில் போட்டார். எனக்குச் சுருக்கென்றது.

"கள்ளக்காசுன்னு சந்தேகமாங்க?"

"ச்சே, அதெல்லாம் இல்ல டாக்டரு. காணாமப் போன ஒருத்தியத் தேடறேன். பழக்கமாயிருச்சு."

பெரியவர்களில் ஆணைத் தோன் என்றும் பெண்ணைத் தோன்யா என்றும் மரியாதையாக அழைப்பதுபோல, வக்கீல் படிப்புப் படித்தவனை எங்கள் பக்கம் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். என்னை முதலில் அப்படிக் கூப்பிட்டவர் அவர். அந்த மாதமே கடைக்கு மேலிருந்த அறையை வாடகைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த 'ஒருத்தி' யார் என்பது குடிபோன பிறகுதான் தெரிந்தது.

கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணின் குவித்த கைகளில் பதின்மூன்று காசு கொட்டவேண்டும். சம்பளம் வாங்குகிறவர்கள் கடையில் முலாம் பூசியதை வாங்கிவிடுவார்கள். ரொட்டித் தெருக்காரர்களுக்கு அந்தக் கவலை இருந்ததில்லை. அசுந்தாவின் தாயார் விட்டுப்போன பதின்மூன்று வெள்ளிக் காசுகள் இருந்தன. எல்லாம் ஆயிரத்து எண்ணூற்று முப்பதில் இதே ஊரில் அடித்த அரை சோல். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரு பக்கம் விடுதலை வீரரின் முகம். மறுபக்கம் ஒரு மரம், அதன் அடியில், எங்கள் மலையில் சுமை தூக்கும் லாமா மிருகங்கள் இரண்டு கழுத்தை நீட்டிப் படுத்திருக்கும். தெருவில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் அந்தத் தகர டப்பா இரவல் போகும்; மறுநாள் ஒரு தட்டுப் பலகாரத்தோடு திரும்பி வரும்.

அந்தக் காசுகளுக்கு ஓர் அடையாளம் உண்டு. கார்னவல் திருவிழா முடியும் செவ்வாய்க்கிழமை எங்களுக்குத் தெளிப்பு நாள். வீடு, கடை, தராசு, வண்டி என்று பிழைப்புக்கு உதவும் எல்லாவற்றின் மேலும் பீர் தெளித்து, பூவும் வண்ணக் காகிதப் பொட்டும் தூவிப் பூமித்தாய்க்கு நன்றி சொல்வோம். அசுந்தாவின் தாயார் கல்யாணக் காசுகளுக்கும் தெளித்தார். நனைந்த காகிதப் பொட்டுகள் ராத்திரி முழுக்க வெள்ளியில் ஒட்டிக் கிடந்து, காலையில் எடுத்தால் அந்த இடத்தில் கறுப்பாக வட்டம் விழுந்திருக்கும். வருடா வருடம் தெளித்துத் தெளித்துப் பதின்மூன்றும் புள்ளி புள்ளியாகிவிட்டன. காசு சேர்ப்பவன் எவனும் கனவில்கூடச் செய்யமாட்டான். வெள்ளிமேல் ஒரு சொட்டு ஈரம் பட்டால் அவனுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் ரொட்டித் தெருவில் யாருக்கும் அது காசு சேர்ப்பாகத் தோன்றவில்லை. வீட்டுப் பொருள், அவ்வளவுதான்.

ஆறு வருடத்துக்கு முன் அசுந்தாவின் தங்கை பசிலியாவின் மகன் ரொமுலோவுக்குக் கல்யாணம். டப்பா போனபோது பதின்மூன்று, திரும்பும்போது பன்னிரண்டு. கோயில் தரையை முழங்காலில் தவழ்ந்து துழாவினார்கள். பெண்ணின் பாவாடையை உதறினார்கள். பாண்டு வாத்தியக்காரரின் பெரிய குழலைக்கூடக் கவிழ்த்துக் குலுக்கிப் பார்த்தார்கள். அதிலிருந்து ஒரு கோழி எலும்புதான் விழுந்தது. அக்கா, "உம் பையன் கையிலதான் ஓட்டை" என்றார். தங்கை, "மிச்சம் பன்னெண்டையும் நீயே வச்சு வேகவச்சுத் தின்னு" என்றார். அன்றோடு பேச்சு நின்றது. பசிலியா ரொட்டி விற்பது அசுந்தாவின் கடைக்கு நேர் எதிரே. ஆறு வருடமாக இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே பார்க்காமல் இருந்தார்கள்.

காசைத் தேடித்தான் அசுந்தா காசுக் கண்காட்சிகளுக்குப் போக ஆரம்பித்தார். ஒரூரோ, சூக்ரே என்று எங்கே நடந்தாலும் பஸ் ஏறிவிடுவார். போன இடத்தில் தேடியது கிடைக்காமல் வேறு ஏதாவது பிடித்துப்போகும், வாங்கிவருவார். இப்படியே நூற்று நாற்பது காசு சேர்ந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் தானே மரச்சட்டம் செய்து, கண்ணாடி போட்டு, கடைச் சுவர் முழுக்க மாட்டியிருந்தார். எந்த அரசரின் தலை எந்த வருடம் மாறியது, எந்த முத்திரை எந்த நாணயச்சாலையினது என்று அவரிடம் கேட்டால் போதும். நான் நாலு வருடம் படித்த சட்டத்தை அவ்வளவு சுத்தமாக என்னால் ஒப்பிக்க முடியாது.

நடுவில் அதே வருடத்து அரை சோல் மூன்று வாங்கியும் இருந்தார். "அதுல ஒண்ணப் போட்டுப் பதிமூணாக்கிட்டாப் போச்சே" என்று ஒருநாள் கேட்டேன்.

"போட்டுப் பாத்தேனே. சேரல."

"நீங்களே தெளிச்சுடுங்க."

"நான் தெளிச்சா அது எனக்குப் பொறந்தது டாக்டரு. அந்தப் பன்னெண்டும் எங்கம்மாவுக்குப் பொறந்ததுங்க. கூடப் பொறந்ததுதான் கூடச் சேரும்" என்றார். சொல்லும்போது கண் தன்னை மீறி எதிர்வரிசைக்குப் போய்வந்ததை நான் பார்த்தேன்.

போன மே மாதம் அவர் மகள் யோலாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. யோலாவும் அவள் ஆளும் ஐந்து வருடமாகச் சேர்ந்துதான் வாழ்கிறார்கள். மூன்று வயதில் பிள்ளையும் இருக்கிறது. கையில் கொஞ்சம் சேர்ந்த பிறகு கோயில் கல்யாணம் என்பது எங்களுக்குப் புதிதில்லை. அசுந்தாவுக்கு ஒரே பிடிவாதம்: பதின்மூன்றும் இல்லாமல் டப்பாவைத் திறக்கமாட்டேன்.

"அம்மா, பேசாம பத்துக் காசு நாணயம் பதிமூணு குடு. எம்பிள்ளையே மோதிரம் தூக்கிட்டு வரப்போறான், இதுல காசு பழசா புதுசான்னு யாரு பாக்கப்போறா?" என்றாள் யோலா.

"பத்துக் காசக் குடுத்தா அது கல்யாணம் இல்லடி, பஸ் டிக்கெட்டு வாங்கின மிச்சச் சில்லறை."

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, காசு சேர்ப்பவர்களின் கைபேசிக் குழுவில் ஒரு படம் வந்தது. தோன் வெனான்சியோ என்கிற ஒரூரோ வியாபாரி போட்டிருந்தார். அரை சோல், முப்பதாம் வருடம், மரமும் லாமாவும் உள்ள பக்கம். மேலெல்லாம் கறுப்புப் புள்ளி. கீழே, 'அம்மை போட்ட காசு! வைத்தியம் தெரிந்தவர்கள் சனிக்கிழமை பொத்தோசிக் கண்காட்சிக்கு வரவும்' என்று எழுதியிருந்தார். நாற்பது பேர் சிரித்துப் பதில் போட்டிருந்தார்கள். அசுந்தா கைபேசியை என்னிடம் நீட்டினார்.

"பெருசாக்கு. அந்த இடப்பக்கத்து லாமாவப் பெருசாக்கு."

பெரிதாக்கினேன். லாமாவின் முதுகில், சரியாக நடுவில், ஒரு கறுப்புப் பொட்டு.

"மூட்டை தூக்கற லாமா" என்றார். "எங்கம்மா அப்படித்தான் சொல்லுவா. பதிமூணுல அது ஒண்ணுக்குத்தான் முதுகுல மூட்டை."

கண்காட்சி ஆசிரியர் சங்க மண்டபத்தில் நடந்தது. வழியெல்லாம் எனக்குப் பாடம். "வேண்டியதப் பாக்கவே கூடாது டாக்டரு. வேண்டாததத்தான் வெல கேக்கணும். கண்ணக் கட்டுப்படுத்து, வாயக் கட்டுப்படுத்து." நான் தலையாட்டினேன்.

மண்டப வாசலில் ஒரு பெண் சுடச்சுடச் சால்தேன்யா விற்றுக்கொண்டிருந்தாள். கடித்தால் உள்ளிருக்கும் சாறு முழங்கைவரை வழியும் பலகாரம். அதற்காகவே கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தது: 'தின்று முடித்து, கை கழுவிவிட்டு உள்ளே வரவும். சென்ற வருடம் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும்.' உள்ளே பச்சைத் துணி விரித்த மேசைகள், குனிந்த தலைகள், கண்ணில் பூதக்கண்ணாடி. முப்பது பேர் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல ஓர் அமைதி. அசுந்தா நுழைந்ததும் அது கலைந்தது. எல்லா மேசையிலிருந்தும் வணக்கம் வந்தது.

தோன் வெனான்சியோவுக்கு முன்பல் ஒன்றில் தங்க முலாம். சிரித்தால் அதுதான் முதலில் வரும்.

"வாங்க வாங்க, தோன்யா அசுந்தா! இன்னும் காசுக்கெல்லாம் கண்ணாடி போட்டு அடைச்சு வைக்கறீங்களா?"

"உங்க வாய்க்கு ஒண்ணு போடலாம்னு அளவெடுக்க வந்தேன், தோன் வெனான்சியோ."

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். அசுந்தா பாடத்தின்படியே நடந்தார். ஒரு பெரிய எட்டு சோல் நாணயத்தை எடுத்து விலை கேட்டு உதட்டைப் பிதுக்கினார். ஏதோ ஒரு பதக்கத்தைக் கேட்டார். பிறகு போகிற போக்கில், "அது எங்க, அம்மை போட்டதுன்னு ஊரையே சிரிக்க வச்சீங்களே? நானும் சிரிச்சுட்டுப் போறேன்" என்றார்.

"கொணப்படுத்திட்டேன்!" வெனான்சியோ தட்டொன்றை முன்னால் தள்ளினார். "சோடா உப்புப் போட்டு ஒரு தேய்ப்பு. பாருங்க, பொறந்த குழந்தை மாதிரி."

தட்டில் அரை சோல் ஆறு. ஆறிலும் விடுதலை வீரரின் முகம் பளபளவென்று மின்னியது. ஆறும் முப்பதாம் வருடம்.

அசுந்தாவின் கை என் கையைப் பிடித்தது. கண்ணாடி அறுக்கும் கை, வலித்தது.

"இதுல எது அது?"

"யாரு கண்டா? எல்லாம் இப்ப ஒரே வீட்டுப் பொண்ணுங்க மாதிரி ஆயிருச்சு. எத எடுத்தாலும் எண்பது பொலிவியானோ."

ஆறு வருடம், எத்தனையோ பஸ், கடைசியில் ஒரு கரண்டி சோடா உப்பு. அசுந்தா பழக்கம் விடாமல், முதல் காசை எடுத்துப் புரட்டினார்.

பின்பக்கம் மங்கிய சாம்பல் நிறம். சோடா உப்பு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏங்க திருப்பறீங்க?" என்று பதறினார் வெனான்சியோ. "மொகத்தப் பாருங்க, மொகத்த!"

"அட, தோன் வெனான்சியோ மூஞ்சி மட்டும் கழுவற ஆளுப்பா!" என்று பக்கத்து மேசையிலிருந்து ஒரு குரல். "கழுத்துக்குக் கீழ எப்பக் குளிச்சாரோ!" என்று இன்னொரு குரல். மண்டபமே திரும்பிவிட்டது.

"மேல தெரியற பக்கத்தத்தான வாங்கறவங்க பாக்கறாங்க! அதுவும் நேத்துத் தண்ணி நின்னுபோச்சு" என்று அவர் முனகினார்.

இரண்டாவது காசு, சாம்பல். மூன்றாவது, சாம்பல். நாலாவதைப் புரட்டினார். மரம், புள்ளிகள், இடப்பக்கத்து லாமா. முதுகில் மூட்டை.

அசுந்தாவின் முகத்தில் ஒரு நரம்பு அசையவில்லை. அதைப் பழையபடி கவிழ்த்து வைத்துவிட்டு, ஐந்தாவதை எடுத்து, "இது என்ன, ஓரம் தேஞ்சிருக்கு?" என்றார். என்ன கட்டுப்பாடு! கெடுத்தது நான்தான்.

"அம்மா, அதுதான்! நாலாவது! மூட்டை இருக்கு!" என்று கத்திவிட்டேன்.

வெனான்சியோவின் தங்கப்பல் மெல்ல வெளியே வந்தது. நாலாவது காசைத் தட்டிலிருந்து எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"இது நானூறு" என்றார்.

அசுந்தா என் பக்கம் திரும்பினார். "டாக்டரு, கோர்ட்லயும் எதிர்க்கட்சிக்குத்தான் சாட்சி சொல்லுவியா?"

பிறகு வெனான்சியோவிடம் பேரம் தொடங்கினார். அவர் நூறு என்றார். வெனான்சியோ முந்நூற்றெண்பது என்றார். நூற்றிருபது. முந்நூற்றெழுபத்தைந்து. அங்கேயே நின்றுவிட்டது. கடைசியில் அசுந்தா, "சரி, அது எங்க கெடச்சுதுன்னாவது சொல்லுங்க" என்றார்.

"சொல்றதுல என்ன நட்டம்? எம்மச்சான் இந்த ஊர்லதான் கல்யாணக் கோட்டு வாடகைக்கு விடறான். நீலக் கோட்டு ஒண்ணு, கை கொஞ்சம் நீளம், யாருக்கும் பொருந்தும். உள்துணி நைஞ்சுபோச்சுன்னு மாத்தறதுக்குப் பிரிச்சிருக்கான். உள்ள இருந்து டங்குன்னு விழுந்துது. கைப்பக்கத்து உள்துணியில ஒரு கிழிசல் இருந்துதாம்."

அசுந்தா பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ரொமுலோ" என்றார். "நீலக் கோட்டுதான் போட்டிருந்தான். விரல்நுனி மட்டுந்தான் வெளிய தெரிஞ்சுது. காசு கொட்டும்போது எங்கம்மா காசு அவன் கை வழியாக் கோட்டுக்குள்ள ஏறிருக்கு!" வெனான்சியோவை நிமிர்ந்து பார்த்து, "அப்ப ஆறு வருஷமா அந்தக் கோட்டு எத்தன கல்யாணத்துக்குப் போயிருக்கும்?" என்றார்.

"வாரத்துக்கு ஒண்ணு குறையாது. முந்நூறாவது இருக்கும்."

"நான் யாருக்கும் தரமாட்டேன்னு டப்பாவப் பூட்டி வச்சேன். இவ முந்நூறு கல்யாணத்துக்குப் போய் விருந்து சாப்ட்டு வந்திருக்கா!" என்று சிரிக்க ஆரம்பித்தார். தொப்பி கழன்று விழும்வரை சிரித்தார். விஷயம் மேசைக்கு மேசை பரவ, பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு எல்லோரும் சிரித்தார்கள். வெனான்சியோவும் சிரித்தார், ஆனால் உள்ளங்கையைத் திறக்கவில்லை.

அசுந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போனார். சால்தேன்யாக்காரியிடம் ஒரு புட்டி பீரும் இரண்டு கோப்பையும் வாங்கிவந்தார். "காசு கெடக்கட்டும். நல்ல சேதி சொன்னீங்க, ஒரு வாய் குடிங்க" என்று மேசையிலிருந்து தள்ளி நின்று, பூமித்தாய்க்குத் தரையில் ஒரு சொட்டு விட்டுவிட்டுக் கோப்பையை நீட்டினார். நீட்டிய கோப்பையை மறுப்பவர் எங்கள் பக்கம் யாருமில்லை. வெனான்சியோ வாங்கி, ஒரே மடக்கில் குடித்தார்.

அவர் வாயைத் துடைப்பதற்குள் அசுந்தா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பெரியவங்க எல்லாம் சாட்சி. எம்மக யோலா கல்யாணத்துல கேக்குக்கு ஞானத்தகப்பன் இருக்காரு, மோதிரத்துக்கு இருக்காரு, பாண்டுக்கு இருக்காரு. காசுக்கு மட்டுந்தான் ஆள் இல்லாம இருந்துது. தோன் வெனான்சியோவக் கேட்டேன், கோப்பைய வாங்கிட்டாரு!"

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. எனக்கே ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. எங்கள் பக்கம் ஞானத்தகப்பனாக இருக்கச் சொல்லிக் கேட்பது கோப்பையை நீட்டித்தான். கேக்கின் ஞானத்தகப்பன் கேக்கு வாங்கித் தரவேண்டும். பாண்டின் ஞானத்தகப்பன் பாண்டுக்காரருக்குக் கொடுக்கவேண்டும். காசின் ஞானத்தகப்பன் காசு கொடுக்கவேண்டும். கோப்பையைக் காலி செய்தபிறகு மாட்டேன் என்றவனை எந்த ஊர் மேசையிலும் சேர்க்கமாட்டார்கள்.

"நீங்க எப்பக் கேட்டீங்க? நான் சும்மா பீருன்னுல்ல நெனச்சேன்!"

"சும்மா பீர் என்னிக்கு வந்திருக்கு, சம்பந்தி?" என்றார். ஞானத்தகப்பனானவர் எங்களுக்குச் சம்பந்தி முறை.

வெனான்சியோ கோப்பையைப் பார்த்தார், உள்ளங்கையைப் பார்த்தார், சுற்றி நின்ற முப்பது பேரைப் பார்த்தார். பிறகு தங்கப்பல் முழுசாகத் தெரியச் சிரித்தார். "இருவத்திரண்டு வருஷமா யாவாரம் பண்றேன். பட்டப்பகல்ல, முப்பது பேரு பாக்க, இப்படி யாரும் எம்மடியில கைவச்சதில்ல" என்று சொல்லி, காசை அசுந்தாவின் கையில் வைத்தார். "ஆனா ஒண்ணு சம்பந்தியம்மா. கல்யாணத்துல மொத ஆட்டம் எனக்கு."

மண்டபத்திலிருந்து அசுந்தா நேரே வீட்டுக்கு வரவில்லை. ரொட்டித் தெருவுக்குள் நுழைந்ததும், தன் கடைப் பக்கம் திரும்பாமல் எதிர்வரிசைக்கு நடந்தார். தெருவே ரொட்டியை மூடிவைத்துவிட்டுப் பார்த்தது. பசிலியா நிமிரவில்லை.

"என்ன வேணும்?"

"பத்து ரொட்டி."

பசிலியா எண்ணிப் போட்டார். அசுந்தா காசை நீட்டினார், மூட்டை தூக்கிய பக்கம் மேலே தெரிய.

பசிலியா மாவு ஒட்டிய விரலால் லாமாவின் முதுகைத் தொட்டுப் பார்த்தார். "எங்கிருந்துது?"

"ரொமுலோ போட்ட கோட்டுக்குள்ள. அவன் எடுக்கல."

"எனக்குத் தெரியும். ஆறு வருஷமாத் தெரியும்."

"எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். நான் எப்பவும் உன்னவிட மந்தந்தான்னு அம்மாவே சொல்லுவா."

பசிலியாவின் உதடு கோணியது. அழப்போகிறார் என்று நினைத்தேன். "அம்மா சொன்னது மந்தம்னு இல்ல, கழுதைன்னு" என்றார். அடுத்த நொடி இரண்டு தொப்பிகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. ரொட்டிக்குக் காசு வாங்கவில்லை. அதோடு விடவுமில்லை: கல்யாணத்துக்கு ஐந்நூறு ரொட்டி தானே போடுவதாகச் சொல்லி, ரொட்டிக்கு ஞானத்தாயாகிவிட்டார்.

கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வாடகைக்கு எடுத்துவந்தது அதே நீலக் கோட்டு. ஊரில் நல்ல கோட்டு அது ஒன்றுதான். அசுந்தா விடியற்காலையில் அதை மடியில் போட்டு, இரண்டு கையின் உள்துணியையும் விரலால் தடவிப் பார்த்து, புதுத் தையலுக்கு மேல் தானும் ஒரு தையல் போட்டார். கோயிலில் காசு கொட்டியபோது தெருவே வாய்விட்டு எண்ணியது. பதின்மூன்று என்றதும் பாதிரியார் தொடரமுடியாத அளவுக்கு ஆரவாரம். வெனான்சியோ முதல் ஆட்டமும் ஆடினார், கடைசி ஆட்டமும் ஆடினார். நடுவில் பசிலியாவிடம், ரொட்டி விற்கும் மாவுக் கைக்கு வெள்ளி துலக்கத் தெரியுமா என்று கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்டார்.

தோன்யா அசுந்தா இப்போதும் அதே கடையில்தான் கண்ணாடி அறுக்கிறார். சில்லறையை இப்போது புரட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் கண்காட்சிகளுக்குப் போவதை விடவில்லை, பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் பசிலியா இருக்கிறார். இந்தக் கார்னவல் செவ்வாயில் பதின்மூன்று காசுக்கும் இருவருமாகத் தெளித்தார்கள். டப்பா மறுபடி இரவல் போகிறது. வாங்க வருகிற மாப்பிள்ளை கோட்டைக் கழற்றிக் கையின் உள்பக்கத்தைக் காட்டவேண்டும்.